ஆங்கில நெடுஞ்சொற்களும் அவற்றின் பயனும்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கரிடையே, "ஆங்கிலத்தில் மிக நீண்ட சொல் யாது?" என்னும் வினா தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றது. வினவுவோன் விடையை முன்னரே மனனஞ் செய்து வைத்திருப்பான். மூச்சுவிடாது அதனை ஒப்புவித்துக் கேட்போரை வியப்பில் ஆழ்த்துவதே அவன் நோக்கம். அச்சொல்லின் பொருள் யாதென எதிர்வினா எழுப்பின் பெரும்பாலும் மௌனமே விடையாகும். இவ்விளையாட்டு குற்றமற்றது. ஆயின் அதே மனப்பான்மை கட்டுரைத்தாளிலும் விவாத மேடையிலும் தொடருமாயின் அதனை விளையாட்டென்று விட்டுவிடுதல் இயலாது. மற்றொருபுறம், நெடுஞ்சொல் யாவும் போலி, குறுஞ்சொல்லே நேர்மையுடையது என்னும் கொள்கையும் செல்வாக்குப் பெற்றுள்ளது. 1946 ஆம் ஆண்டில் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய கட்டுரை இக்கொள்கைக்குப் பெரும் வலுவூட்டிற்று. குறுஞ்சொல் போதுமான இடத்தில் நெடுஞ்சொல் வேண்டா என்பது அவர் விதித்த விதிகளுள் ஒன்று. விதி நன்றே. எனினும் "போதுமான" என்பதே அதன் உயிர். விதியை ஓதுவோர் அதனை மறந்து நீளத்தை மட்டும் அளக்கின்றனர். ஒரு சாரார் நீளத்தைப் போற்றுகின்றனர்; மறுசாரார் நீளத்தை இகழ்கின்றனர். அச்சொல் செய்யும் தொழில் யாது என்று இருசாராரும் கேட்பதில்லை.

ஆங்கில இலக்கியத்தில் நெடுஞ்சொல்லுக்கு முதன்முதல் பெரும்புகழ் தேடித் தந்தவன் ஒரு கோமாளி. 1598 ஆம் ஆண்டில் அச்சேறிய "லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ட்" என்னும் ஷேக்ஸ்பியரின் நாடகத்திற் பள்ளியாசிரியர் ஒருவரும் மதகுரு ஒருவரும் இலத்தீன் துணுக்குகளை வாரியிறைத்து உரையாடுகின்றனர். அதனைக் கேட்டு நிற்கும் கொஸ்ரார்ட் என்னும் நாட்டுப்புறத்தான், சிறு பையனொருவனை நோக்கி, உன் எசமானன் உன்னை ஒரு சொல்லென நினைந்து விழுங்காது விட்டது வியப்பே என்கின்றான். அச்சொல்லிலும் பையன் உருவத்திற் குறியவன் என்பது அவன் காட்டும் காரணம். அவன் எடுத்துக்காட்டும் சொல் "ஹொனொரிஃபிகாபிலிடூடினிடாடிபஸ்" என்பது; ஆங்கில எழுத்தில் 27 எழுத்துக்கள் கொண்டது.

பகுபத உறுப்புக்கள் ஆறென நன்னூலிற் கற்றார்க்கு இச்சொல்லைப் பிரித்தல் அரிதன்று. மதிப்பு என்னும் பகுதியோடு ஆக்குதற்பொருள் தரும் ஓருறுப்பும், தகுதிப்பொருள் தரும் மற்றோருறுப்பும் சேர்ந்துள்ளன. பின்னர்த் தன்மைப்பொருள் தரும் விகுதிகள், ஒன்று போதாதென்று இரண்டு வருகின்றன. இறுதியிற் பன்மை வேற்றுமை உருபு நிற்கின்றது. தமிழில் அதே முறையிற் கட்டினால் "மதிப்புறத்தக்கதன்மையுடைமைகளால்" என்று அமையும். இருமுறை வரும் தன்மை விகுதியே இச்சொல்லின் வேடிக்கை. பொருளால் நிரம்பி நீண்ட சொல்லன்று இது. வீங்கி நீண்ட சொல். நாடகாசிரியர் அதனைக் கற்றோர் வாயில் வைக்காது கோமாளியின் வாயில் வைத்தமை கருதத்தக்கது. மொழிகளின் பெருவிருந்திற்குச் சென்று துண்டுகளைத் திருடி வந்தவர்களே அக்கற்றோர் என்னும் எள்ளலும் அதே காட்சியில் வருகின்றது.

இச்சொல்லிற்கு நேர்ந்த பிற்கால வரலாறு இன்னும் வேடிக்கையானது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் பிரான்சிஸ் பேக்கனே என்று நாட்ட முயன்றோருள் ஒருவராகிய சேர் எட்வின் டேணிங்-லோறன்ஸ், 1910 இல் வெளியிட்ட தமது நூலில் இச்சொல்லின் எழுத்துக்களை மாற்றியடுக்கினார். இந்நாடகங்கள் பேக்கனிடம் பிறந்து உலகிற்காகப் பேணப்பட்டவை என்னும் கருத்துடைய இலத்தீன் தொடரொன்று அதிலிருந்து அவருக்குக் கிடைத்தது. பேக்கன் மறைத்துவைத்த ஒப்பம் இதுவே என்றார். ஆனால் இச்சொல் ஷேக்ஸ்பியர்க்கும் பேக்கனுக்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முன்னரே வழக்கில் இருந்தது. 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்மொழிக் கவிதை பற்றி இலத்தீனில் நூலெழுதிய தாந்தே, பதினோரசை அடியுள் அடங்காத நெடுஞ்சொல்லுக்கு உதாரணமாக இச்சொல்லின் ஒரு வடிவத்தையே காட்டியுள்ளார். பழைய பள்ளிகளில் வழங்கிய வேடிக்கைச் சொல்லொன்றில் தம் ஒப்பத்தைக் காண முடியுமாயின் யாவரும் யாவற்றையும் எழுதினரென நாட்டிவிடலாம். பொருள் வறண்ட சொல்லில் வேண்டிய பொருளையெல்லாம் ஏற்றிவிடுதல் எளிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

அக்காலத்து இங்கிலாந்தில் இது வெறும் நகைச்சுவைக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை. இலத்தீன், கிரேக்கச் சொற்களை மிகுதியாக எடுத்தாள்வதை "மைக்கூட்டுச் சொல்" என்று பழித்தோர் பலர். தோமஸ் வில்சன் 1553 இல் வெளியிட்ட அணியிலக்கண நூலில், இத்தகைய சொற்களால் நிறைந்த கேலிக் கடிதமொன்றை அமைத்துக் காட்டினார். படிப்போர் சிரித்தல் வேண்டுமென்று அவர் அடுக்கிய சொற்களுள் "செலிபிறேற்", "டெக்ஸ்டெரிற்றி", "மண்டேன்" என்பனவும் உள. கொண்டாடுதல், கைத்திறன், உலகியல் சார்ந்த என்னும் பொருளில் அவை எல்லோர் நாவிலும் இன்று இயல்பாக வழங்குகின்றன. அதே கடிதத்தில் வந்த வேறு சில சொற்கள் தடமின்றி மறைந்தன.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு பென் ஜோன்சனின் "பொயற்றாஸ்ற்றர்" என்னும் 1601 ஆம் ஆண்டு நாடகம். தம்மோடு பகைத்த ஜோன் மார்ஸ்டன் என்னும் நாடகாசிரியரைக் கிறிஸ்பைனஸ் என்னும் பாத்திரமாக்கி, அவருக்கு வாந்தி மருந்து கொடுத்துச் சபை நடுவே அவர் விழுங்கிய கடுஞ்சொற்களை ஒவ்வொன்றாகக் கக்கவைக்கின்றார். நாடகமேடையில் இலக்கியத் திறனாய்வு இத்துணை உடல்வருத்தத்தோடு நிகழ்ந்ததில்லை! கிண்ணத்தில் வீழ்ந்த சொற்களை இன்று எடுத்து நோக்குவோர்க்கு வியப்பு உண்டாகும். பின்னோக்கிச் செல்லுதலைக் குறிக்கும் "றெற்றோகிறேட்", ஒன்றுக்கொன்றான உறவைக் குறிக்கும் "றெசிப்ரொக்கல்", போலியைக் குறிக்கும் "ஸ்பியூறியஸ்", கடுமுயற்சியைக் குறிக்கும் "ஸ்ட்ரெனுவஸ்", வழக்கொழிந்ததைக் குறிக்கும் "டிஃபங்க்ட்" ஆகியன அவற்றுட் சில. இவற்றை நீக்கிவிட்டால் இற்றைநாட் பத்திரிகையாளரும் இடர்ப்படுவர். "ஒப்லேற்றண்ட்", "லூப்ரிக்கல்", "கிளிபெறி" முதலியனவோ ஜோன்சன் கருதியபடியே மாண்டன. இவற்றோடு "கிளம்சி" என்னும் சொல்லும் கக்கப்பட்டது. அது நீண்ட சொல்லுமன்று, இலத்தீனுமன்று. செவிக்குப் புதிது என்பதே அது செய்த குற்றம்.

ஆங்கில இலக்கியத்தின் மிகக் கூரிய செவிகளுள் ஒன்றைப் படைத்தவரே வாழுஞ் சொல்லையும் சாகுஞ் சொல்லையும் பிரித்தறியத் தவறினார். அவர் சிரிப்புச் சொற்களைக் கொல்லவில்லை. அவர் காட்டிய அறிகுறியாகிய நீளமும் புதுமையும் நோயை உணர்த்தவில்லை. பிழைத்தவற்றுக்கும் மாண்டவற்றுக்கும் உள்ள வேறுபாடு யாதெனின், பிழைத்தவை பெரும்பாலும் அதுகாறும் ஒரு சொல்லால் உணர்த்தப்படாத கருத்தொன்றைத் தாங்கி நின்றன. "றெசிப்ரொக்கல்" என்பதற்கு ஈடான சிறுசொல் ஆங்கிலத்தில் இல்லை. வழுக்குதலைக் குறிக்க "லூப்ரிக்கல்" வருமுன்னரே வேறு எளிய சொற்கள் இருந்தன.

எதிர்த்திசையில் முயன்றவர் கேம்பிரிட்ஜிற் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சேர் ஜோன் சீக். 1550 ஆம் ஆண்டளவில் மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்க்குத் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லை விடுத்து "ஹன்டிறெடர்" என்றும், மீண்டெழுதலை "கெய்ன்றைசிங்" என்றும் தூய ஆங்கிலத்தில் ஆக்கினார். அவை நிலைபெறவில்லை. தமிழ் விவிலியத்தில் "நூற்றுக்கு அதிபதி" என்று சீக்கின் வழியே அமைந்த தொடர் இனிது நிலைபெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு மொழியிற் கைகூடிய முறை மற்றொரு மொழியிற் கைகூடவேண்டும் என்னும் நியதி இல்லை.

நெடுஞ்சொல் என்றவுடன் ஆங்கிலங் கற்றோர் நினைவிற்கு வரும் பெயர் சாமுவேல் ஜோன்சன். (முற்கூறிய பென் ஜோன்சனும் இவரும் வேறாவர், இருவர்க்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு உண்டு.) 1755 இல் வெளிவந்த இவரது அகராதியில் ஏறத்தாழ 42,000 சொற்கள் இடம்பெற்றன. அவற்றுள் வலைப்பின்னலைக் குறிக்கும் ஓர் எளிய சொல்லுக்கு இவர் உரைத்த விளக்கம் உலகப் பிரசித்தம். "றெட்டிக்குலேற்றட்", "டெக்கசேற்றட்", "இன்டர்ஸ்டிஸஸ்" என்னும் மூன்று கடுஞ்சொற்களை அவ்விளக்கத்துள் இட்டார். வலை போன்றமைந்தது, குறுக்காக வெட்டுவது, இடைவெளிகள் என்பன அவற்றின் பொருள். வலையென்றால் யாதெனக் குழந்தையும் அறியும். விளக்கத்தை அறிய மூன்று சொற்களைத் தேடவேண்டும். நகையாடுதற்கு இதனினும் வசதியான இடம் இல்லை, நகையாடியோரும் பலர். 1767 இல் ஆர்ச்சிபோல்ட் கம்பல் என்பவர் "லெக்சிஃபனீஸ்" என்னும் நூல் முழுவதையும் ஜோன்சன் நடையைக் கேலி செய்வதற்கென்றே எழுதினார். சிறு மீன்கள் உரையாடும் கதையை ஜோன்சன் எழுதினால் அம்மீன்கள் திமிங்கிலங்களைப் போலப் பேசும் என்று அவர் முகத்தெதிரே நண்பர் கோல்ட்ஸ்மித் கூறிய நகைமொழியும் நிலைத்துவிட்டது.

ஆயினும் சிரித்து முடித்தபின் ஒரு சோதனை செய்து பார்த்தல் தகும். வலை என்னும் சொல்லைப் பயன்படுத்தாது, பின்னல் என்பதையும் விடுத்து, வலை யாதென ஒருவர் எழுதிப் பார்க்கட்டும். நூல்கள் குறுக்கிடவேண்டும், குறுக்கிடும் இடங்கள் ஒத்த தொலைவில் இருத்தல் வேண்டும், அவற்றினிடையே வெற்றிடம் இருத்தல் வேண்டும். நூலைப் போலவே ஓட்டையும் வலையின் இன்றியமையா உறுப்பு. ஜோன்சனின் மூன்று சொற்களும் இவற்றையே கூறுகின்றன, ஒன்றேனும் வீணன்று. இவ்விடர்ப்பாட்டை அவர் அறியாதவருமல்லர். மிக எளிய சொல்லை அதனினும் எளிய சொல்லால் விளக்குதல் இயலாதென்று தம் முன்னுரையிலேயே கூறிவிட்டார். எளிமையும் கடுமையும் படிப்போரைப் பொறுத்தன. ஆங்கிலர்க்குக் கடிதாகத் தோன்றும் சொல் இலத்தீன் அறிந்த பிறநாட்டார்க்குத் துணையாகும் என்பதும் அவர் காட்டிய நியாயம். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்கும் நாடுகளில் இந்நியாயத்தின் வலிமை நன்கு புலப்படும். "பற் அப்", "பற் ஓஃப்", "பற் அவுட்" முதலிய குறுஞ்சொற் கூட்டங்களே கற்போர்க்குப் பெருந்தொல்லை. "பொஸ்ற்போன்" என்னும் சொல்லை ஒருமுறை கற்றால் போதும்.

ஜோன்சன் மீது மக்கோலே சாட்டிய குற்றமே கடுமையானது. 1831 இல் எழுதிய மதிப்புரையில், ஜோன்சன் ஆங்கிலத்தில் நினைந்து தம்முடைய தனிமொழிக்கு அதனைப் பெயர்த்தார் என்று அவர் கூறினார். அதற்குப் பொஸ்வெல் குறித்துவைத்த நிகழ்ச்சியொன்று சான்று. "த றிஹேர்சல்" என்னும் பழைய நகை நாடகத்தைப் பற்றிப் பேசுகையில், கெடாது வைத்திருத்தற்குப் போதிய நகைத்திறன் அதில் இல்லை என்னும் கருத்தைச் சிறு சொற்களாற் கூறிய ஜோன்சன், சற்றே நிறுத்தி, அழுகலினின்றும் காத்தற்கேற்ற உயிர்ப்பு அதில் இல்லை என்று இலத்தீன் சொற்களால் திருத்திக்கொண்டார். இவ்விடத்தில் மக்கோலே கூறியது சரியே. முதல் வாக்கியத்தில் நகைத்திறன் என்பது உப்பைப் போலப் பண்டத்தைக் காக்கும் பொருளாக நிற்கின்றது. நகை நாடகத்தின் குறை இன்னதென்று அது குறிப்பாகச் சுட்டுகின்றது. இரண்டாம் வாக்கியத்தின் "உயிர்ப்பு" எந்நூலுக்கும் பொருந்தும். நீளங் கூடப் பொருள் குறைந்தது.

ஆனால் ஒரு மாலைப்பொழுதின் உரையாடலைக் கொண்டு ஒருவர் வாழ்நாள் முழுவதும் எழுதியதை எடைபோடலாகாது. 1750 தொடக்கம் 1752 வரை வெளிவந்த "றாம்பிளர்" கட்டுரைகளின் முடிவில், பொதுச்சொற்கள் தெளிவின்றி நின்ற இடத்தில் அறிவியற் சொற்களை அன்றாடக் கருத்துக்களுக்கு ஏற்றிப் பழக்கியதாக ஜோன்சன் தாமே உரைத்தார். 1948 இல் டபிள்யூ. கே. விம்சற் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்ந்தது. மருத்துவத்திலும் பௌதிகத்திலும் உடற்பொருளைக் குறித்து வழங்கிய சொற்களை ஜோன்சன் மனத்தின் இயக்கத்தைக் குறிக்கப் பயன்படுத்தினார் என்பது அதன் முடிபு. அக்கட்டுரைகளை அகராதியோடு அமர்ந்து படிப்போர், மயக்கமாக நின்ற மனவுணர்ச்சி ஒன்று பொறியின் உறுப்புப்போல அளவும் விளிம்பும் பெறுவதைக் காண்பர். பின்பற்றியோரிடமே கேடு வந்தது. அவர்கள் சொல்லை எடுத்தனர்; சொல்லின் பின்னிருந்த ஆராய்ச்சியை எடுக்கவில்லை.

நெடுஞ்சொல்லும் குறுஞ்சொல்லும் ஒன்றையொன்று பகையாது துணைசெய்யும் இடத்தைக் காண விரும்புவோர் "மக்பெத்" நாடகத்தின் இரண்டாம் அங்கத்தை நாடுதல் வேண்டும். அரசனைக் கொன்ற மக்பெத் தன் கைக்குருதியை நோக்குகின்றான். கடல் முழுவதும் அதனைக் கழுவுமோ என்று ஐயுற்று, இல்லை, இக்கையே கடல்களைச் செந்நிறமாக்கும் என்று நடுங்குகின்றான். கடல்களுக்கு அடைமொழியாக வருவது "மல்டிற்றியூடினஸ்" என்னும் ஐந்தசைச் சொல். செந்நிறமாக்குதலைக் குறிப்பது "இன்கார்னடைன்" என்பது. ஒன்று அலையலையாக விரிந்து செல்கின்றது. மற்றது ஊனின் நிறத்தை நினைவூட்டும் இலத்தீன் வேர் உடையது. ஓரடியுள் இவ்விரண்டும் ஏறக்குறைய முழு இடத்தையும் கவர்ந்துகொள்கின்றன. அடுத்த அடியிலோ பச்சை, சிவப்பு என்று சிறுவர் பாடப் புத்தகத்திற்குரிய சின்னஞ்சிறு சொற்கள். நெடுஞ்சொற்களின் பொருளை மேடையின் கீழ் நின்றோர்க்கு விளக்குதற்காகவே குறுஞ்சொற்கள் வந்தன என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மையே. கற்பனை கடலளவு விரிந்து, மறுகணமே கையளவிற்குச் சுருங்கி வீழ்கின்றது. முதலடியின் நீளம் இல்லையாயின் இரண்டாமடியின் குறுமை அச்சந் தராது. ஓர்வெலின் விதியைக் கையிற் கொண்டு இவ்விடத்தைத் திருத்த முற்படுவோன் எஞ்சவைப்பது ஒரு சாயத்தொழிலாளியின் அறிக்கையாகவே இருக்கும்.

இனி, மாணாக்கர் மனனஞ் செய்யும் பெருஞ்சொற்களை நோக்கலாம். "ஃபிளொக்சினோசினிஹிலிபிலிஃபிகேஷன்" என்னும் 29 எழுத்துச் சொல் பயனற்றதென மதித்து ஒதுக்குதலைக் குறிக்கும். ஈட்டன் பள்ளியின் இலத்தீன் இலக்கணத்தில், ஒன்றனை மதியாமையைக் கூறுங்கால் வரும் சொற்கள் ஒருங்கே தொகுக்கப்பட்டிருந்தன. கம்பளித் துணுக்கு, அற்பம், இன்மை, மயிர் என்பன அவற்றுள் நான்கு. அந்நான்கையும் மாணவர் பாடமாக ஒப்புவித்த ஓசையே ஒட்டி ஒரு சொல்லாயிற்று. கவிஞர் வில்லியம் ஷென்ஸ்ரன் 1741 இல் எழுதிய கடிதமொன்றில், ஒருவர் பணத்தைத் துரும்பாக மதித்ததைப் பாராட்ட இதனை வழங்கினார். சேர் வோல்ற்றர் ஸ்கொற் தம் நாட்குறிப்பில் ஓரெழுத்தை மாற்றி எழுதினார். 2012 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் இது ஒலித்தது. ஒன்றுமில்லை என்பதை நான்கு முறை கூறும் இச்சொல் தன்னைத் தானே எள்ளி நிற்கின்றது; பள்ளிப்பிள்ளைகள் தம்மை வருத்திய இலக்கண நூலுக்கு எடுத்த நல்ல பழிவாங்கல் அது. ஆனால் நகைத்துணுக்கு ஒருமுறைக்கே சுவைக்கும்.

"அன்ரிடிஸ்எஸ்ராபிளிஷ்மென்ரேறியனிஸம்" என்பது 28 எழுத்துடையது. அரசுக்கும் திருச்சபைக்கும் உள்ள சட்டத் தொடர்பை அறுத்தலாகாது என்னும் கொள்கை இதன் பொருள். அயர்லாந்துத் திருச்சபையை அத்தொடர்பினின்றும் நீக்கும் சட்டம் கிளாட்ஸ்டனின் ஆட்சியில் 1869 இல் நிறைவேறி 1871 இல் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தோர் இருந்தனர், எனினும் அவர்கள் கொள்கைக்குரிய இந்நெடும்பெயர் வாதங்களிலன்றி நீளத்திற்கு உதாரணமாகவே பெரிதும் எடுத்தாளப்பட்டது. 1955 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றிற் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி இதனைப் பிழையின்றி எழுத்துக்கூட்டிப் பரிசு பெற்றாள்.

எஞ்சுவது எல்லாவற்றினும் நீண்டது. 1935 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூயோர்க் நகரிற் கூடிய சொற்புதிர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் எவரெற் ஸ்மித், "நியூமொனோஅல்ட்ராமைக்ரொஸ்கொப்பிக்சிலிக்கோவொல்கேனோகோனியோசிஸ்" என்னும் 45 எழுத்துச் சொல்லை வெளியிட்டார். "ஹெறல்ட் ரிபியூன்" பத்திரிகை அதனை அச்சிட்டது. நுண்ணிய எரிமலைச் சிலிக்காத் தூசியால் விளையும் நுரையீரல் நோய் என்று பொருள். எந்த வைத்தியரும் இச்சொல்லை வேண்டி நிற்கவில்லை. நீளம் வேண்டும் என்பதற்காகவே உறுப்புக்கள் கோக்கப்பட்டன. நோய்க்கு முன்னரே "சிலிக்கோசிஸ்" என்னும் ஒன்பதெழுத்துப் பெயர் வழக்கில் இருந்தது. எரிமலையை நுழைத்ததால் மருத்துவத்திற்கு யாதொரு நன்மையும் விளையவில்லை. பின்னர் இச்சொல் பேரகராதிகளிலும் புகுந்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் அந்நோய் விளையாட்டாக இருக்கவில்லை. கோலி பிரிட்ஜ் என்னும் ஊரருகே ஹோக்ஸ் நெஸ்ற் நீர்ச்சுரங்கம் 1930 இலும் 1931 இலும் தோண்டப்பட்டது. சிலிக்கா செறிந்த பாறையை நீர் தெளிக்காது உலரவே துளைத்தனர். முகக் கவசம் வழங்கப்படவில்லை. தொழிலாளருட் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பின மக்கள். நூற்றுக்கணக்கானோர் தூசியைச் சுவாசித்து மாண்டனர். 1936 இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழுவொன்று இதனை விசாரித்தது. கவிஞர் மியூறியல் றுக்கைசர் அவ்வூருக்குச் சென்று, 1938 இல் வெளியிட்ட தொகுதியில் "த புக் ஒஃப் த டெட்" என்னும் நெடும்பாடலை அமைத்தார். விசாரணையில் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களும், நெஞ்சின் ஊடுகதிர்ப் படத்தை விளக்கும் வைத்தியரின் சாட்சியமும், மக்களை இழந்த தாயின் உரையும் அதனுட் சேர்க்கப்பட்டுள்ளன. கிரேக்கமும் இலத்தீனும் அறியாத மக்கள் அந்நூலிற் பேசுகின்றனர். தம் வீட்டாரைக் கொன்ற நோயின் பெயரை மட்டும் அவர்கள் திருத்தமாக அறிவர்; அது அந்த ஒன்பதெழுத்துச் சொல்லே.